அண்ணிக்காக ஒதுக்கி வைத்த பாட்டுகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டே சில வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுத உட்காருவேன், இரண்டு வரி போகும், அதற்கு மேல் கை ஓடாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதுளை டவுனில் ஒரு பலகைக் கடையில் மரம் அறுக்கிற வேலை. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி, தெமோதரைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய், ஞாயிறு அங்கே வேதக்கோயிலில் டோலக் அடிப்பேன். எழுத்து எனக்குப் பழகாத வேலை. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். என் அண்ணனின் மனைவி, எனக்கு அண்ணி. கடைசியில் அவரிடமே போய்க் கேட்டேன். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி. என் பேரப் போடாதீங்க, புள்ள பேரையும் போடாதீங்க,” என்றார். அதனால்தான் இதில் பெயர்கள் இல்லை.

எங்கள் கோயில் சின்னது. தகரக் கூரை. கீழே ரயில் பாதை, மேலே தேயிலை மலை. போதகர் ஐயா டவுனிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையில் மூத்தவரான கணக்கப்பிள்ளை மாமா வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவார். பாட்டு முழுக்க அண்ணியின் பொறுப்பு. அண்ணி கொழுந்து பறிக்கிறவர். சனிக்கிழமை மாலை கூடையை இறக்கி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துக்கொண்டே அடுத்த நாள் பாட்டுகளைத் தீர்மானிப்பார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. திறந்து பார்த்தது ஜனங்களைத்தான். எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் காய்ச்சல், யார் மகன் கொழும்பிலிருந்து வேலை போய் வந்து நிற்கிறான் என்றெல்லாம் கொழுந்து மலையில் காதில் விழுந்துவிடும். “யாருக்கு எம்புட்டுப் பசின்னு தெரியாம சோறு வடிக்கக் கூடாது தம்பி,” என்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மெதுவான பாட்டு ஒன்றும் வராது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் மெதுவான பாட்டு செத்துப்போகும், அதனால் தொண்டையைத் திறந்து பாடுகிற பாட்டுகளாகச் சொல்வார். கொழுந்து அதிகமான மாதங்களில் பெண்களுக்குக் கால் வலி, நின்று பாடுகிற பாட்டு சின்னதாக இருக்கும். இப்படி ஒரு படிப்பை எந்தப் பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை மாமாவுக்கும் அண்ணிக்கும் இதில் ஓயாத வழக்கு. மாமாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு, சரணத்துக்கு மேல் சரணமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாரமும் அதைக் கேட்பார். “அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள பதுளை பஸ் போயிரும் மாமா. நீங்க வேலைய விட்டுட்டு வீட்ல இருக்கவுங்க. நாங்க சந்தைக்குப் போகணுமா இல்லியா?” என்பார் அண்ணி. “மோட்சத்துக்குப் போற பாட்டுல பஸ்ஸுக்கு என்னம்மா அவசரம்?” என்பார் மாமா. “மோட்சத்துக்குப் போறப்பவும் வீட்ல கொழம்பு வச்சிட்டுத்தான் போகணும் மாமா,” என்று அண்ணி சொல்ல, வாசலில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். மாமா ஒரு சுதியிலும் நிற்க மாட்டார். ஆனாலும் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவர் அவர்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அண்ணிதான். பல வருஷங்களுக்கு முன் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் ஒரு சின்ன வயசுப் பெண்ணின் புருஷன் மரம் விழுந்து இறந்துபோனான். அடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடினோம். அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறு, மனதில் ஒன்றும் வைக்காமல் அண்ணி அதே பாட்டைச் சொன்னார். பாதிப் பாட்டில் அந்தப் பெண் எழுந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மழையில் நனைந்துகொண்டு லயத்துப் படியில் இறங்கிப் போனதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம். அன்று மாலையே அண்ணி அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். புறப்படும்போது, “அந்தப் பாட்ட ஒரு வருசத்துக்கு ஒதுக்கி வச்சிருவோம்மா. வருச நினைவு ஆராதனைல ஒங்க வீட்லதான் அத மொதல்ல எடுக்கணும். நீங்க எடுக்காம நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்,” என்று சொல்லி வந்தார்.

சொன்னபடியே நடந்தது. வருஷம் திரும்பி, அந்தப் பெண் எழுந்து நின்று முதல் வரியைப் பாடினாள். இரண்டாவது வரியில் சபை சேர்ந்துகொண்டது. வீட்டிலிருந்த பாட்டு திரும்பக் கோயிலுக்கு வந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னோம். அதற்குப் பிறகு யார் வீட்டில் சாவு நடந்தாலும் இதுதான் முறை. அடக்கப் பாட்டை ஒரு வருஷம் தொட மாட்டோம். நினைவு ஆராதனையில் அந்த வீட்டார்தான் எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு வேறொருவர் எடுத்தால் அது அவர்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்த மாதிரி. பூனாகலையில் எங்கள் சொந்தக்காரர்கள்கூட இதைக் கேள்விப்பட்டுத் தங்கள் சபையிலும் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மகள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அவள் வேலை பார்த்தாள். அவள் குரலைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய சங்கீதம் படித்த குரல் இல்லை, நேராகப் போகிற குரல். வயசுக்கு வந்த காலத்திலிருந்து சபையில் ஒவ்வொரு பாட்டையும் அவள்தான் எடுப்பாள். எங்களில் பழைய ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஒருவர் முதல் வரியைச் சரியான சுதியில் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அண்ணி பாட்டைச் சொல்வார், கையை லேசாக உயர்த்துவார், மகள் எடுப்பாள். அதற்குப் பின்னால் என் டோலக். பிறகு மாமா, அவளுக்குத் தாத்தா முறை, எல்லோருக்கும் ஒரு வரி பின்னால். “ஏன்டி, தாத்தா மூச்சு வாங்கட்டும், கொஞ்சம் நிப்பாட்டி எடுக்கக் கூடாதா?” என்று அண்ணி கேட்டால், “தாத்தாவுக்கு மூச்சு வாங்க ஞாயித்துக்கெழம பத்தாதும்மா, திங்கக்கெழமையும் வேணும்,” என்பாள். மாமாவும் சேர்ந்துதான் சிரிப்பார்.

ஒரு வருஷம் மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு கண்டிருக்கிறது என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் போய் இருக்கச் சொன்னார்கள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன், எல்லோரும் போனோம். மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. விட்டதும் பலர், அடுப்பு மூட்டலாம், துணி எடுக்கலாம் என்று லயத்துக்குத் திரும்பிப் போனார்கள். மகளும் போனாள். பிள்ளைக் காம்பராக் குழந்தைகளுக்குப் போர்வை போதவில்லை, தன் வீட்டில் இருப்பதை எடுத்து வருகிறேன் என்றுதான் போனாள். போன மற்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மேடு இறங்கியபோது அந்த வரிசையில் உள்ளே இருந்தது அவள் ஒருத்தி. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்கு வேண்டாம். மண்ணை அள்ளி அள்ளி அவளை எடுத்தோம். போர்வைகள் மடிப்புக் கலையாமல் அவள் கையில் இருந்தன.

அடக்கத்துக்கு டவுனிலிருந்து போதகர் ஐயா வந்து ஜெபித்தார். குழிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஐயாவே ஒரு பாட்டை எடுத்தார். விடியலைப் பற்றிய பாட்டு, அவளுக்குப் பிடித்தது. அண்ணி பாடவில்லை, அழவும் இல்லை. அண்ணனின் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார்.

சில வாரங்கள் கழித்து அண்ணி கோயிலுக்கு வந்தார். வழக்கம்போல் முன் வரிசையில் உட்கார்ந்து, நேரம் வந்ததும் எழுந்து ஒரு பாட்டைச் சொன்னார். விடியல் பாட்டு இல்லை, வேறொன்று. யாரும் எடுக்கவில்லை. அண்ணி இன்னொரு பாட்டைச் சொன்னார். அதற்கும் சத்தமில்லை. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொண்டது கிடையாது. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒன்றுதான். எந்தப் பாட்டைத் தொட்டாலும் அது அந்தப் பிள்ளை எடுத்த பாட்டு. முதல் வரி வந்தால் அவள் குரல்தான் வரும். ஒரு பாட்டை ஒதுக்குவதுதான் வழக்கம். இங்கே எந்தப் பாட்டை ஒதுக்குவது, எதை வைத்துக்கொள்வது? தாயின் முகத்துக்கு எதிரில் நின்று எதைப் பாடுவது? அன்பினால்தான் வாயை மூடிக்கொண்டோம். மாமா எழுந்து, “ஜெபம் பண்ணுவோம்,” என்றார். பாட்டில்லாமல் ஆராதனை முடிந்தது. கீழே பதுளைக்குப் போகிற ரயில் கத்திக்கொண்டு போனது உள்ளே முழுசாகக் கேட்டது.

பிறகு போதகர் ஐயா ஒரு வழி செய்து பார்த்தார். எங்களுக்குத் தெரியாத புதுப் பாட்டுகளைப் போனில் போட்டுக் காட்டி, இதைப் பாடுங்கள் என்றார். தெரியாத பாட்டில் பிள்ளையின் ஞாபகம் வராது என்று பாவம் அவர் நினைத்தார். போன் ஒரு பக்கம் போயிற்று, நாங்கள் ஒரு பக்கம் போனோம். மாமா அந்தப் புதுப் பாட்டையும் தன் பழைய பாட்டின் ராகத்துக்கே இழுத்துக்கொண்டு போனார். வேறு காலமாக இருந்தால் சிரித்திருப்போம்.

அன்றைக்கு வாசலில்தான் அண்ணி கேட்டார். “ஏன் மாமா, எனக்கு நோகக் கூடாதுன்னு ஊரே ஊமையாப் போயிட்டீங்களா?”

மாமா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, “ஒரு வருசம் பொறுத்துக்கம்மா. வழக்கத்த வச்சவ நீதானே,” என்றார்.

“நான் வச்சது ஒரு பாட்டுக்கு மாமா. நீங்க மொத்தப் புத்தகத்தையும்ல ஒதுக்கிட்டீங்க. எனக்குன்னு மிச்சமிருக்கது பாட்டுத்தான். அதையும் புடுங்கிட்டா நான் எங்கிட்டுப் போறது?”

“ஒன்னயப் பாத்துக்கிட்டு எங்க வாயில வரல தாயி. நாங்க என்ன செய்ய?”

அன்பாயிருந்தவர்களை எப்படிக் கோபிப்பது? “அப்ப நான் இல்லாட்டி வருமா?” என்று அண்ணி கேட்டார். மாமா தலையைத் தூக்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து அண்ணி வரவில்லை. சபை பாட வேண்டும் என்பதற்காகவே வரவில்லை. சனிக்கிழமை மாலை நான் போனால் மூன்று பாட்டுகளைச் சொல்லி அனுப்புவார். வேறொரு பெண் எடுத்தாள். முதலில் தட்டுத் தடுமாறி, பிறகு ஓரளவுக்கு, நாங்கள் பாடினோம். அண்ணனுக்குக் கோயிலுக்கு மேல் சரிவில் புது வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தால் அங்கே கேட்கும். அடுத்த சனிக்கிழமை போகும்போது, “ரெண்டாவது பாட்ட ஏன் அப்படி இழுத்தீங்க? கால் நொண்டுற மாதிரி இருந்துச்சு,” என்பார். நான் சரிங்கண்ணி என்பேன். வாங்க அண்ணி என்று கூப்பிட நினைப்பேன். கூப்பிட்டு அவர் வந்தால் பாட்டு நின்றுவிடுமே என்று அதையும் விழுங்கிக்கொள்வேன்.

இப்படி ஒரு வருஷத்தைத் தள்ளினோம். எல்லோரும் நினைவு ஆராதனையைத்தான் எதிர்பார்த்திருந்தோம். அன்று அந்த வீட்டார் பாட்டை எடுப்பார்கள், ஒதுக்கி வைத்தது எல்லாம் திரும்பி வந்துவிடும், அண்ணி மறுபடி முன் வரிசையில் உட்காருவார் என்று நம்பினோம். அண்ணியும் அப்படித்தான் நம்பினார். அந்த வாரம் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. “விடியல் பாட்டுத்தான். எல்லாரும் நல்லாப் பாடணும் தம்பி, அழுது வழியக் கூடாது,” என்று சொல்லி அனுப்பினார்.

கோயில் நிறைந்திருந்தது. எல்ல டவுனிலிருந்தும்கூடச் சொந்தங்கள் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து மாமா, “வீட்டார் பாட்ட எடுப்பாங்க,” என்று சொல்லி உட்கார்ந்தார். அண்ணி எழுந்தார். வெள்ளைச் சேலை. பாட்டைச் சொன்னார். சொல்லிவிட்டு, கையை லேசாக உயர்த்தினார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கிற்று. இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு பாட்டைக்கூடத் தானாக எடுத்ததில்லை. பாட்டைத் தேர்ந்தெடுப்பார், கையை உயர்த்துவார், எடுப்பவள் மகள். இப்போதும் அந்தக் கை உயர்ந்துவிட்டது. உயர்ந்த கை, யாராவது எடுங்கள் என்று எங்களைக் கேட்டது. நாங்களோ வீட்டார் எடுக்கட்டும் என்று காத்திருந்தோம். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறந்தார், மூச்சுதான் வந்தது. பிறகு அண்ணி என்னைப் பார்த்தார். நானும் வீட்டாள்தான், எனக்கும் எடுக்கிற உரிமை இருந்தது. முதல் வரி நாக்கு வரைக்கும் வந்தது. சத்தம் வரவில்லை. கனவில் கத்த நினைத்தால் வராதே, அப்படி. சபை முழுவதும் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் தொடங்கினால் போதும், கூரை பறந்திருக்கும். அந்த ஒருவர் அங்கே இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் கை மெதுவாக இறங்கிற்று. அண்ணி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கோபிக்காமல், நடுவில் நடந்து வெளியே போனார். அண்ணன் பின்னால் போனார். மாமா அழுதார். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

கர்த்தர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காலையிலும் மாலையிலும் ஜெபம் பண்ணுகிறவன் நான், என் பிள்ளைகளையும் அப்படியே வளர்க்கிறேன். ஆனாலும் அன்றைக்கு ஒரே ஒரு ஆளின் தொண்டையை ஏன் திறக்கவில்லை என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். மரம் அறுக்கும்போது கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் எழுதியிருப்பேன். வரவில்லை. அந்த விடியல் பாட்டு இன்றும் எங்கள் சபையில் ஒதுங்கித்தான் இருக்கிறது. எடுக்க வேண்டியவர்கள் எடுக்காத பாட்டை நாங்கள் எப்படித் தொடுவது? அண்ணி வருவதில்லை. சனிக்கிழமை மூன்று பாட்டுகள் மட்டும் தவறாமல் வருகின்றன. மழைக்கு ஏற்ற பாட்டு, கால்வலிக்கு ஏற்ற பாட்டு, யார் வீட்டிலோ நடந்ததற்கு ஏற்ற பாட்டு. எல்லோருக்கும் பொருத்தமாகத் தேர்ந்து கொடுக்கிறவருக்கு ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க எங்களால் முடியவில்லை.

போன மாதம் என் மனைவியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பெரிய கூட்டத்தில் பேசுகிறார். மலைநாட்டில் ஒரு தோட்டத்தில், மண்சரிவில் மகளை இழந்த தாய் என்று தொடங்கினார். எங்கள் கதைதான், யார் மூலமோ அவருக்குப் போயிருக்கிறது. ஆனால் அவர் சொன்னதில், அந்தத் தாய் கையை உயர்த்தினாள், மகளின் பாட்டைத் தானே எடுத்தாள், சபை முழுவதும் எழுந்து பாடியது. கூட்டம் கைதட்டியது. சனிக்கிழமை நான் போனபோது அண்ணியின் போனுக்கும் அது வந்திருந்தது. கடைசி வரைக்கும் கேட்டு முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி,” என்றார். “அப்புடி நடந்திருக்கலாம்.”

எழுதுவதற்கு அனுமதி கேட்டது அன்றைக்குத்தான். பிரசங்கியார் மேல் எனக்குக் கோபமில்லை. கேட்பவர்களைத் தேற்ற நினைத்திருப்பார். ஆனால் வாசிக்கிறவர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நீங்கள் யாருக்காவது சொன்னால், உங்கள் சபையில் வாசித்தால், போனில் அனுப்பினால், உள்ளபடியே அனுப்புங்கள். அழகாக இருக்கட்டும் என்று ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவர் பாடவில்லை. நாங்கள் பாடவில்லை. அண்ணி கையை இறக்கிக்கொண்டு வெளியே போனார். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.